எப்படி ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை

1

இந்த நாட்டில் ஒருவர் இறந்துபோனால் அரசாங்கத்திடம் ஒரே ஒரு முறை சொன்னால் போதும். வரி அலுவலகம், ஓய்வூதியம், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் என்று எல்லா இடத்துக்கும் அந்தத் தகவல் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். துக்கத்தில் இருக்கிறவர்கள் அதே சேதியை ஒவ்வொரு ஜன்னலிலும் போய்ச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. பதிவாளர் அலுவலகத்தில் இருந்த பெண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டு, "அவ்வளவுதான், இனி நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாய் முகூர்த்தம், அப்படியே பலித்துவிட்டது.

நான் இருப்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் அபர்டீன். ஊர் முழுக்கச் சாம்பல் நிறக் கல் கட்டடங்கள். மழை பெய்தால் கல்லும் வானமும் ஒரே நிறம். இருபத்திரண்டு வருஷம் முன்னால் வந்தோம். என் கணவர் மனோகரன் கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனியில் இன்ஜினியர். நான் மருத்துவ உளவியல் படித்தவள். ஊரில், மண்ணூர்பேட்டையில், என் மாமனார் என்னைக் கடைசிவரைக்கும் "மனசு டாக்டர்" என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி போடத் தெரியாத டாக்டர் மருமகளாக வந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இங்கே என் வேலை, புதிதாக வரும் ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. அதிலும் குறிப்பாக, ஆளைப் பறிகொடுத்தவர்கள் எதிரில் எப்படி உட்காருவது என்று சொல்லிக்கொடுப்பது. உட்காருவதற்குக்கூடவா பயிற்சி என்று கேட்பீர்கள். ஆமாம், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பதினாறு வருஷமாக ஒரே கையேடு. அதன் முதல் பக்கத்தில் முதல் விதி: "எப்படி இறந்தார் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்." எழுதியவள் நான்.

போன வருஷம் மனோகரன் இறந்துபோனார். என்னிடம் படித்தவர்கள்தான் இப்போது என் சக ஊழியர்கள். சூப் செய்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அனுதாப அட்டை அனுப்பினார்கள். "எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது நாங்கள் இருக்கிறோம்" என்றார்கள். ஒருவர்கூட என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என் பாடத்தை என்னிடமே ஒப்பித்து நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார்கள்.

எனக்கோ அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று நடந்ததில் ஒரு பகுதி எனக்கு மட்டும்தான் தெரியும். மாரடைப்பு என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. நானாகப் போய் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி, "உட்காருங்கள், என் புருஷன் செத்த கதையைச் சொல்கிறேன்" என்று எப்படி ஆரம்பிப்பது? யாராவது கேட்டால்தானே வாய் வரும்.

2

பிரிஸ்டலில் படிக்கும் என் மகள் கயலிடம் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். "அம்மா, நீ யார்கிட்டயாவது பேசணும். ஐ மீன், ப்ரொபஷனல் யாராவது" என்பாள். நானே அந்த ப்ரொபஷனல்தான் என்று சொன்னால், "எக்ஸாக்ட்லி, அதான் பிரச்சினை" என்பாள். உன்னிடம் பேசலாமா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நான் சொல்ல வேண்டியதைக் கேட்டால் அவள் என்னை என்னவென்று நினைப்பாளோ என்ற பயம்.

"வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு" என்பார்கள். வைத்தியருக்கே சீக்கு வந்தால் என்ன சொல்வார்களோ தெரியவில்லை.

அப்போதெல்லாம் என் அப்பா செத்த வீடுதான் நினைவுக்கு வரும். மேனாம்பேட்டில் இரண்டு அறை வீடு. நான் உளவியல் முதுகலை முடித்து எம்.பில். சேர்ந்த வருஷம். அப்பா பக்கத்துத் தொழிற்பேட்டையில், எங்கள் வாயில் எஸ்டேட்டில், காலை ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அப்படியே சுவரோரம் சரிந்துவிட்டார். மறுநாளிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு அடுத்த நிமிஷம் கேட்பது ஒன்றேதான். "எப்படிம்மா ஆச்சு? நேத்துகூட கடைத்தெருவுல பாத்தேனே." அம்மா காலையில் போட்ட காபியிலிருந்து ஆரம்பிப்பாள். சர்க்கரை கம்மி என்று அப்பா சொன்னது, இவள் டப்பாவை எடுப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டது, எல்லாம் வரும். சொல்லி முடித்து முகத்தைத் துடைப்பாள். அடுத்த ஆள் உள்ளே வரும். மறுபடியும் காபி.

புதுசாகப் படித்த திமிர் எனக்கு. ஐந்தாவதோ ஆறாவதோ வந்த ஒரு பெண்மணியிடம், "அதையே எத்தனை தடவை கேப்பீங்க? அவங்கள நிம்மதியா விடுங்க" என்று கத்திவிட்டேன். அம்மா என்னைத்தான் முறைத்தாள். "நீ போய் உள்ள உக்காரு. அவங்க கேக்கறாங்க, நான் சொல்றேன். உனக்கென்ன நடுவுல?" என்றாள்.

எனக்கு அது அவமானமாக இருந்தது. அந்த அவமானம்தான் பிற்பாடு கடல் தாண்டி வந்து கையேட்டின் முதல் விதியாக உட்கார்ந்துகொண்டது என்று இப்போது தோன்றுகிறது. அன்று நான் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. நாள் ஆக ஆக அம்மாவின் கதை சின்னதாகிக்கொண்டே வந்தது. முதலில் சர்க்கரை டப்பா போயிற்று, அப்புறம் செருப்பு போயிற்று. பதினாறாம் நாள் வந்தவர்களிடம் அம்மா இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "சாப்பிட்டுட்டுதான் போகணும்" என்றாள்.

3

முதல் வருஷத் திதிக்கு ஊருக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திதி ஒரு சாக்கு. அங்கே போனால் யாராவது கேட்பார்கள் என்றுதான் டிக்கெட் எடுத்தேன்.

மனோகரனின் தம்பி சேகர் முகப்பேரில் இருக்கிறார். வீட்டு வசதி வாரிய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்கு மாடியில் மூன்றாவது மாடி. உள்ளே நுழைந்ததும் சேகரின் மனைவி மாலதி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குளிச்சிட்டு வாங்கக்கா, இட்லி ஆறிடும்" என்றாள்.

அவள்மேல் குற்றமில்லை. செய்தி போன வருஷமே வாட்ஸப்பில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. குடும்பக் குழுவில் சேகர் நான்கு வரி எழுதியிருந்தார். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் போய்க் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? திதிக்கு வந்த உறவுக்காரர்கள் குளிர் எப்படி என்று கேட்டார்கள். அங்கேயே இருக்கப் போகிறாயா, வந்துவிடுவாயா என்று கேட்டார்கள். கயலுக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். சேகரிடம் நானே மெதுவாக, "அன்னிக்கு என்ன ஆச்சுன்னா" என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "வேணாம் அண்ணி. மனசப் போட்டு உழப்பிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாததா? ஊருக்கே சொல்றவங்க நீங்க" என்றார்.

உங்களுக்குத் தெரியாததா! இந்த ஒரு வார்த்தையை அந்தப் பத்து நாளில் எத்தனை பேர் சொன்னார்கள் என்று தெரியாது. கேட்கும்போதெல்லாம் யாரோ கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

திதி நடக்கும்போது கயல் போனில் வந்தாள். மாலதியின் பையன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் ஒருவர் யாரும்மா நீ என்று விசாரிக்க, கயல் தன்னால் முடிந்த நல்ல தமிழில், "நான் மனோகரன் பொண்ணு. எங்க அப்பா காலமா இருக்கார்" என்றாள். சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாலதி அதட்டினாள். நான் திருத்தவில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

வாரிசுச் சான்றிதழ் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் சேகரோடு வரிசையில் நின்றேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஊர்லம்மா இறந்தாரு?"

"ஸ்காட்லாந்துல."

"அது எந்த நாட்டுல வருது?"

அதற்கு நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. லண்டனா, லண்டன் இல்லையா என்று கேட்டார். லண்டன் பக்கம் என்று சேகர் முடித்து வைத்தார். பிறகு அவர் பேனாவை எடுத்து, "இறந்த காரணம்" என்று படித்தார். நான் மேசைமேல் குனிந்துவிட்டேன். வாயைத் திறந்தேன் என்றே நினைக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அதான் சர்டிபிகேட்லயே போட்டுகிறாங்களே" என்று எழுத்துக்கூட்டிக் காப்பி அடித்துக்கொண்டார். ஒரு அரசாங்கப் படிவத்தை நம்பி ஏமாந்த கதை எனக்கு மட்டும்தான் இருக்கும்.

4

என்னோடு படித்த வசந்தி மேனாம்பேட்டில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறாள். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவார்கள். அந்த நோயாளி இறந்த பிறகும் அந்த வீட்டுக்கு நாலைந்து முறை போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்பது அவளுடைய புது ஏற்பாடு. "அதுக்கு என் ஆளுங்களுக்கு ஒரு நாள் கிளாஸ் எடுடி. வந்ததுக்கு ஒரு புண்ணியம்" என்றாள். அவளுக்கு என் விஷயம் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள். வேலையில் இருந்தால் நான் சரியாகிவிடுவேன் என்று அவளுக்கு நம்பிக்கை.

ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் அறை. வந்தவர்கள் பதினொரு பேர், எல்லோரும் பெண்கள். தையல் வேலை செய்கிறவர்கள், பால்வாடி ஆயா, முகப்பேரிலிருந்து ஸ்கூட்டியில் வந்த ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி. தேவகி என்று ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. காலிலிருந்து செருப்பை உதறிவிட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

கையேட்டைத் தமிழில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். முதல் விதியைச் சொன்னதுமே தேவகி கையைத் தூக்கினாள்.

"இன்னா மேடம் இது? சாவு ஊட்டுக்குப் போயி அதக் கேக்காம வேற இன்னாத்த கேக்கறது? சாப்ட்டியான்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். புண்ணைக் கிளறக்கூடாது, அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும், இத்யாதி. பதினாறு வருஷம் சொன்ன பதில், வழுக்கிக்கொண்டு வந்தது. சொல்லும்போதே நான் ஒரு புளுகுணி என்று எனக்குத் தோன்றியது.

பிறகு நடித்துப் பார்க்கும் பயிற்சி. ஒருவர் ஆளை இழந்தவராக நடிக்க வேண்டும், இன்னொருவர் பார்க்க வந்தவர். அபர்டீனில் இதற்கு நான் நீ என்று முந்துவார்கள். போன வாரம் அம்மா செத்துவிட்டாள் என்று ஆரம்பித்துக் கண்ணீரே விடுவார்கள், அம்மா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பாள். மேனாம்பேட்டில் பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"வாய் வார்த்தைக்குக்கூட வேணாம் மேடம்" என்றார் சரோஜா என்ற பால்வாடி ஆயா. "விளையாட்டுக்குச் சொன்னாலும் மேல இருக்கற தேவதைங்க ததாஸ்து, அப்படியே ஆகட்டும்னு சொல்லிடுவாங்க."

"யாராவது ஒரு தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாமே?"

"தூரத்துச் சொந்தம்னா அவங்க மட்டும் சாவணுமா?"

ஐ.டி. பெண்ணைப் பார்த்தேன். அவளும் தலையை ஆட்டிவிட்டாள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே நான்? வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லாத ஊர். அவர்களைப் போய், என் புருஷன் செத்துவிட்டான் என்று சொல்லிப் பழகுங்கள் என்கிறேன்.

"சரி, நானே உக்காரறேன்" என்றேன். "என் கணவர் இறந்துட்டார். நீங்க யாராவது பார்க்க வாங்க."

அறையே பதறிப்போனது. பொட்டும் கலர் புடவையுமாக நிற்கிறவள் இப்படிச் சொல்லலாமா? "ஐயோ மேடம், வேணாம் மேடம்" என்று சரோஜா எழுந்தே வந்துவிட்டார். நான் சொல்லலாம், பரவாயில்லை என்றேன். வெளிநாட்டிலேயே இருந்து பழகிவிட்டவள், இதெல்லாம் இவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்ற முகத்தோடு சரோஜா உட்கார்ந்தார். விஷயம் தெரிந்த வசந்தி டீ சொல்லக் கீழே போயிருந்தாள்.

தேவகி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

5

முதலில் கையேட்டில் இருப்பதைத்தான் சொன்னாள் பாவம். "உங்க கூட இருக்க வந்துகீறேன். நீங்க பேசலாம், பேசாமலும் இருக்கலாம்." அரை நிமிஷம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். தேவகி பெருமூச்சு விட்டுக் கையேட்டைத் தரையில் வைத்தாள்.

"என்னால ஆவாது மேடம். நான் கேட்டுடுறேன்." நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தாள். "எப்டிக்கா ஆச்சு? நல்லாதானே இருந்தாரு?"

ஒரு வருஷம் காத்திருந்த கேள்வி.

"காலைல நல்லாத்தான் இருந்தார்" என்றேன். "அன்னிக்கு அவருக்கு லீவு. நான் வேலைக்குக் கிளம்பறேன். கார் கண்ணாடியில பனி உறைஞ்சிருக்கு, சுரண்டிட்டு எடுன்னு ஜன்னல்லேருந்து சொன்னார். நான் சரின்னுகூட சொல்லலை, கைய ஆட்டிட்டுப் போயிட்டேன்."

"அப்பால?"

"பதினோரு மணிக்கு மேல எனக்கு போன் பண்ணியிருக்கார். மூணு தடவை. நான் கிளாஸ் எடுத்துட்டு இருந்தேன். கிளாஸ்ல எல்லார் போனும் வெளிய ஒரு டப்பாவுல இருக்கணும். நான் போட்ட சட்டம். என் போனும் அதுலதான் இருந்தது."

"உனுக்கு எதுக்குப் பண்ணாரு? ஆம்புலன்ஸுக்குல்ல பண்ணணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இருபத்திரண்டு வருஷத்தையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. "அவருக்கு அங்க போன்ல பேசறதுன்னாலே ஆகாது. நேர்ல நல்லாப் பேசுவார். போன்ல அவங்க பேசறது இவருக்குப் புரியாது, இவர் பேசறது அவங்களுக்குப் புரியாது. திருப்பித் திருப்பிச் சொல்லச் சொல்வாங்க, இவருக்குக் கோபம் வந்துடும். பாங்க், டாக்டர், கரண்ட் கம்பெனி, எல்லார்கிட்டயும் நான்தான் பேசுவேன். ரொம்ப நாளா அப்படியே பழக்கிட்டேன். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றதுக்கும் நான்தான் பேசணும்னு எனக்குப் பண்ணியிருக்கார்."

தேவகி என் முழங்கால்மேல் கையை வைத்தாள். தொடக்கூடாது என்பது ஏழாவது விதி.

"அப்பால யாரு கூப்ட்டது?"

"அவரேதான். இருபது நிமிஷம் பாத்துட்டு, அப்புறம் அவரே கூப்பிட்டிருக்கார். சீக்கிரமாத்தான் வந்தாங்க. அவர்தான் கதவைத் தெறந்து விட்டாராம். டீ இடைவேளையில டப்பாவைத் தெறந்தப்போ எல்லாம் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"இன்னா கிளாஸு எடுத்துனு இருந்தக்கா?"

"இதே கிளாஸ்தான்" என்றேன்.

புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதேன். மூக்கெல்லாம் ஒழுக, சத்தமாக. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது கைதட்டல் கேட்டது.

"சூப்பர் மேடம்" என்றாள் ஐ.டி. பெண், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நிஜம்னே நினைச்சுட்டேன்." இன்னொரு பெண், நீங்கள் டிவி சீரியலுக்குப் போகலாம் என்றாள். சரோஜா என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கினார். "சொன்னதெல்லாம் காத்தோட போவட்டும். உங்க வீட்டுக்காரர் நூறு வருஷம் நல்லா இருக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

டீ கேனோடு மாடியேறி வந்த வசந்தி, "என்னடி, கீழ வரைக்கும் கைதட்டல் கேக்குது?" என்றாள்.

"மேடம் நடிச்சுக் காட்டினாங்க. எல்லாரும் அழுதுட்டோம்" என்றது ஒரு குரல்.

வசந்தி என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் நிம்மதியாகச் சிரித்துவிட்டு டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள். வேலையில் இருந்தால் சரியாகிவிடுவேன் என்று சொன்னாளே, அது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

தேவகி கைதட்டவில்லை. டீயை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தவள் அதைக் குடிக்கவும் இல்லை.

வகுப்பு முடிந்தது. மாடிப்படி மேலேயே நின்றுகொண்டேன். ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "வரேன் மேடம்", "போயிட்டு வரோம் மேடம்", "அடுத்த தடவை வரும்போது சாரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். பத்துப் பேரும் சொன்னார்கள். கடைசியாக தேவகி வந்தாள். என் எதிரில் நின்று ஒரு முறை முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் போவது போல, சொல்லிக்கொள்ளாமல் போனாள்.